பெண் கேட்டுப் போகிற அந்த ஞாயிற்றுக்கிழமை

காதலித்து, வீட்டில் சொல்லி, அழுது, நாள்கணக்கில் பேசாமல் இருந்து, ஒருவழியாகப் பெண் வீட்டிலிருந்து "சரி, பெரியவங்களை வந்து பேசச் சொல்லு" என்ற வார்த்தை வந்துவிட்டது. பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. நிறையப் பேர் விழுவது மீதிப் பாதியில்தான். சாதி, சம்பளம், ஊர் மாதிரி பெரிய தடைகளை இந்தக் கட்டத்துக்குள் எப்படியோ பேசி முடித்திருப்பார்கள். காரியத்தைக் கெடுப்பது சில்லறைச் சாமான்கள். முதல் நாளே தட்டில் வந்து உட்கார்ந்த பட்டுப்புடவை, யாரும் எதிர்பார்க்காதபோது பெண்ணின் தலையில் ஏறிய பூ, ஏற்கெனவே அவள் விரலில் கிடக்கும் மோதிரம். நம் ஊரில் இந்தப் பொருள்களுக்கெல்லாம் வாய் உண்டு. எது எந்த நாளில் என்ன சொல்லும் என்று தெரியாமல் தூக்கிக்கொண்டு போனால், நாம் ஒன்று நினைக்க அது வேறொன்றைச் சொல்லிவிடும்.

முதலில் மோதிரம், ஏனென்றால் அதுதான் முதலில் வாங்கப்படுகிறது.

இரண்டு பேருக்குள் "கட்டிக்கலாமா" என்று கேட்டுக்கொள்வதைக் கடற்கரையில் வைத்துக்கொள்வதா, மொட்டைமாடியில் வைத்துக்கொள்வதா என்பது அவரவர் இஷ்டம். பதில் தெரிந்த பிறகு கேட்பதுதான் புத்திசாலித்தனம். கல்யாணத்துக்குப் பிறகு எந்த ஊர், யார் வீட்டுக் கடன் மாதம் எவ்வளவு போகிறது, வீட்டில் கல்யாணமாகாத அக்காவோ அண்ணனோ இருக்கிறார்களா, வயதான அப்பா அம்மா யாரோடு இருப்பார்கள் என்ற நான்கும் மோதிரத்துக்கு முன்னால் பேசவேண்டியவை. பெண் வீட்டு ஹாலில் இந்த நான்கில் ஒன்றாவது கட்டாயம் கேட்கப்படும். இரண்டு பேரும் இரண்டு பதில் சொன்னால் அங்கேயே தெரிந்துவிடும்.

ரகசியமாக மோதிரம் வாங்குகிறவர்கள் தவறுவது அளவில். நூலைச் சுற்றி எடுத்த அளவு நம்பத் தகாதது. நூல் இழுபடும், விரல் சதை அமுங்கும். அவள் அதே விரலில் போடும் மோதிரம் ஒன்று ஐந்து நிமிஷம் கைக்குக் கிடைத்தால் உள்விட்டத்தை வெர்னியர் காலிப்பரில் அளந்துவிடலாம். காலிப்பர் இல்லையென்றால் சோப்புக்கட்டியில் அழுத்திப் பதிவு எடுத்து நகைக்கடைக்காரரிடம் கொடுக்கலாம். கணக்கு இதுதான்: உள்விட்டம் 16.5 மில்லிமீட்டர் என்றால் 3.14 ஆல் பெருக்க, சுற்றளவு 51.8 வரும். அதில் 40-ஐக் கழித்தால் பெரும்பாலான இந்தியக் கடைகளின் அளவு எண், அதாவது 12. ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் சுற்றளவில் வித்தியாசம் 1 மில்லிமீட்டர்தான். ஸ்கேலை வைத்துக் கண்ணால் பார்த்து விட்டத்தில் அரை மில்லிமீட்டர் தவறினாலே சுற்றளவில் 1.6 தவறிவிடும், ஒன்றரை அளவு போச்சு. வலது கைக்காரர்களுக்கு வலது மோதிர விரல் இடதைவிடச் சற்றுத் தடிமனாக இருப்பது வழக்கம். அதனால் எந்தக் கையில் கிடந்த மோதிரம் என்பதையும் கவனிக்கவேண்டும். ஏ.சி. அறையில் விரல் சுருங்கும், சித்திரை வெயிலில் வீங்கும். பட்டை அகலமான டிசைன் என்றால் ஒரு எண் கூடுதலாக எடுப்பது நல்லது. சந்தேகம் வந்தால் பெரியதாக வாங்குங்கள். கணுவில் மாட்டிக்கொண்ட மோதிரத்தைவிடக் கொஞ்சம் லூசான மோதிரம் அந்த நிமிஷத்துக்கு மேல். சாதாரணப் பட்டையைப் பிறகு ஒன்றிரண்டு அளவு கூட்டலாம், குறைக்கலாம். சுற்றிலும் கல் பதித்ததை முடியாது.

22 கேரட்டில், அதாவது 916-இல், கல் வைக்க வேண்டாம். அது மிருதுவான தங்கம். கல்லைப் பிடித்திருக்கும் கொக்கிகள் துணியில் சிக்கிச் சிக்கி விரிந்துவிடும், ஒருநாள் கல் விழுந்துவிடும். கல் மோதிரத்துக்கு 18 கேரட், அதாவது 750 முத்திரை. 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகை ஒவ்வொன்றிலும் ஆறு எழுத்து-எண் கொண்ட ஹெச்.யூ.ஐ.டி. என்ற அடையாளக் குறி இருக்கவேண்டும், பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதை அடித்தால் நகையின் விவரம் வரும். ஆனால் 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. காதலிக்கு ரகசியமாக வாங்கும் மோதிரம் பெரும்பாலும் ஒன்றரை கிராம்தான் இருக்கும்! முத்திரையே இல்லாமல் கைக்கு வந்துவிடக்கூடும் என்பதால் கேட்டு வாங்குங்கள். பில்லில் கல் எடை கழித்த நிகர எடை தனியாகப் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். செய்கூலி, சேதாரம் எல்லாம் சேர்த்த மொத்தத்தின் மேல் ஜி.எஸ்.டி. 3 சதவீதம்.

இந்த மோதிரத்தைப் பெண் கேட்டுப் போகிற அன்று அவள் போட்டிருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பெண்ணின் அப்பா கண்ணில் அது பட்டால், அவரிடம் கேட்பதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் அது சொல்லும். நிச்சயதார்த்தத்தில் பெரியவர்கள் எப்படியும் இன்னொரு மோதிரம் வாங்குவார்கள். முதலாவதை அதுவரை டப்பாவில் வையுங்கள்.

அடுத்தது ஜாதகம். "பசங்க முடிவு பண்ணிட்டாங்க, இனி எதுக்கு ஜாதகம்" என்று மாப்பிள்ளை வீடு சொல்லும். பெண்ணின் பாட்டி விடமாட்டார். கேட்டால் கொடுத்துவிடுங்கள். ஆனால் கொடுப்பதற்கு முன் எந்தப் பஞ்சாங்கப்படி எழுதிய ஜாதகம் என்று பாருங்கள். தமிழ்நாட்டில் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு முறை ஓடுகிறது. இரண்டும் எவ்வளவு விலகும் என்பதற்குச் சனிப்பெயர்ச்சி ஒன்று போதும்: சனி மீனத்துக்கு மாறியது திருக்கணிதப்படி 2025 மார்ச் 29, வாக்கியப்படி 2026 மார்ச்சில். சந்திரன் விஷயத்தில் வித்தியாசம் மணிக்கணக்கில்தான் என்றாலும், நட்சத்திரத்தின் ஒரு பாதம் ஏறத்தாழ 6 மணி நேரம்தானே. நட்சத்திரம் மாறும் விளிம்பில் பிறந்த பிள்ளைக்கு ஒரு பஞ்சாங்கத்தில் ஒரு நட்சத்திரம், இன்னொன்றில் அடுத்தது. பத்துப் பொருத்தம் பெரும்பாலும் நட்சத்திரத்தை வைத்தே பார்ப்பது. பெண் வீட்டு ஜோசியர் வாக்கியம், பையன் வீட்டு ஜோசியர் திருக்கணிதம் என்று போனால் ஒருவர் 8 பொருத்தம் என்பார், மற்றவர் ரஜ்ஜுப் பொருத்தம் தட்டுகிறது என்பார். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஜோசியர், ஒரே பஞ்சாங்கம் என்று முதலிலேயே பேசிக்கொள்வது வம்பில்லாத வழி. பிறந்த நேரத்தை அம்மாவின் ஞாபகத்திலிருந்து எடுக்காமல் பிரசவ ஆஸ்பத்திரிக் காகிதத்திலிருந்து எடுங்கள்.

ஜாதகத்தைத் திருத்தி எழுதிக் கொடுக்கும் வேலை எங்கும் நடக்கிறது. வேண்டாம். பெண் வீட்டிலேயே பழைய தரகர் மூலம் பையனின் அசல் ஜாதகம் கிடக்கும், அல்லது பையனின் சித்தி ஒருத்தி அவன் நட்சத்திரத்தை வாய்தவறிச் சொல்லிவிடுவார். மேலும், "பொருத்தம் சரியா வரலைங்க" என்பது சில வீடுகளில் முகம் கோணாமல் சொல்லும் மறுப்பு. அப்படியானால் திருத்திய ஜாதகத்தாலும் ஆகப்போவது ஒன்றுமில்லை. மறுப்புக்கு உள்ளே இருக்கும் காரணத்தைக் கண்டுபிடிக்கவேண்டும்.

நாள் குறிக்கும்போது ஆடி, மார்கழி கூடாது. புரட்டாசியையும் சில வீடுகள் தவிர்க்கும். கரிநாள், அஷ்டமி, நவமியைக் காலண்டர் தாளிலேயே பார்த்துவிடலாம். இரண்டு வீட்டுக்கும் லீவு கிடைப்பது ஞாயிறு. ஆனால் ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் நேரம் ரொம்ப நெருக்கடி. 12 முதல் 1.30 எமகண்டம், 3 முதல் 4.30 குளிகை, 4.30 முதல் 6 ராகு காலம். குளிகையில் செய்தது திரும்ப நடக்கும் என்பதால் கடன் அடைக்க, நகை வாங்கப் பொருத்தம். கல்யாணப் பேச்சுக்கு ஆகாது என்று பெரியவர்கள் சொல்வது நியாயம்தானே! சாயங்காலம் 6 மணிக்கு மேல் போனால் பேச்சு முடியும்போது சாப்பாட்டு நேரம் வந்து, பெண் வீட்டுக்காரர்கள் அடுப்படிக்கும் ஹாலுக்குமாக அலைவார்கள். ஆகவே காலை 10 மணிக்குள் போய் உட்கார்ந்துவிடவேண்டும். நம்பிக்கை இல்லாத வீடாக இருந்தாலும் இதைப் பார்த்துப் போங்கள். அங்கே நம்புகிற ஒரு பெரியப்பா இருப்பார். ஞாயிறு மேற்கே சூலம். பெண் வீடு மேற்குத் திசை என்றால் அம்மா ஒரு துண்டு வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டு கிளம்பச் சொல்வார். போட்டுக்கொள்ளுங்கள்.

யார் யார் போவது? மூன்று பேராகப் போகமாட்டார்கள், அது எல்லா ஊரிலும் உள்ளதுதான். பத்துப் பேர் போய் இறங்கினால் பெண் வீட்டில் நாற்காலி போதாது. அக்கம்பக்கத்துக்கும் தெரிந்துவிடும், ஒருவேளை பேச்சு முறிந்தால் அவர்கள் பதில் சொல்லவேண்டி வரும். அப்பா, அம்மா, தாய்மாமன், விவரமான ஒரு பெரியவர், பையன் என்று ஐந்து பேர் சரியான அளவு. தாய்மாமனை விட்டுவிட்டுப் போனால் அவர் கல்யாணம்வரை அதைச் சொல்லிக்கொண்டே இருப்பார். அம்மாவின் இடத்தில் பேச அக்கா இருந்தால் நல்லது, பெண்கள் பக்கத்துச் சேதி அவர் வழியாகத்தான் வரும். அப்பா இல்லாத வீட்டில் அம்மா முன்னால் நிற்கவேண்டும். விதவை என்பதற்காகப் பெற்றவளைப் பின்னால் உட்காரவைத்துப் பெரியம்மாவைத் தட்டு கொடுக்கச் சொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. பையன் இதை முந்தைய நாளே பெண்ணிடம் சொல்லி, "எங்க அம்மாதான் தட்டு தருவாங்க" என்று அவள் வீட்டில் தெரியப்படுத்திவிடலாம். ஹாலில் வைத்து விவாதம் செய்யத் தேவைப்படாது.

இனி தட்டு. முதல் தடவை போகும்போது 5 தட்டு போதும். 11, 21 எல்லாம் நிச்சயதார்த்தத்துக்கு. எண்ணிக்கை ஒற்றைப்படை. ஒன்றில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், ஒன்றில் பூ, ஒன்றில் பழம், ஒன்றில் இனிப்பு, ஒன்றில் குடுமியோடு 2 தேங்காயும் கால் கிலோ கல்கண்டும்.

வெற்றிலை 25 முதல் 50 வரை, கிழிசல் இல்லாத இளம்பச்சை. கரும்பச்சையாகக் காரமாக இருக்கும் கம்மாறு வெற்றிலை மருந்துக்கு, தட்டுக்கு எடுபடாது. மதுரைப் பக்கம் சோழவந்தான், தூத்துக்குடிப் பக்கம் ஆத்தூர், டெல்டாவில் கும்பகோணம் என்று அந்தந்தப் பகுதிக்குப் பேர்போன வெற்றிலை கிடைக்கும். முந்தைய நாள் வாங்கினால் பிளாஸ்டிக் கவரில் கட்டிவைக்காதீர்கள், வியர்த்து ஒரே இரவில் கறுத்துப் போகும். வாழை இலையிலோ ஈரத்துணியிலோ சுற்றிவைத்தால் மறுநாளும் புதுசாக இருக்கும். ஃபிரிட்ஜ் வேண்டாம்.

பழத்தில் வாழைப்பழம் சீப்பாக இருக்கவேண்டும். நன்றாகக் கனிந்த ரஸ்தாளி தோல் வெடித்துவிடும். தட்டுக்குப் பூவன்தான் தோதானது, இரண்டு நாள் முன்பே லேசாகப் பச்சை கலந்த சீப்பாக வாங்கிவைக்கலாம். கூடவே ஆப்பிள், சாத்துக்குடி, மாதுளை என்று ஒவ்வொரு கிலோ. இனிப்பு 1 கிலோ, லட்டோ மைசூர்பாகோ. பால்கோவா, ரசகுல்லா வகையறா மூன்று மணி நேரக் கார்ப் பயணத்தில் கெட்டுவிடும், சாறு வழியும்.

பூவுக்குத்தான் நேரம் பார்த்து ஓடவேண்டும். மல்லிகை மொட்டை விடியலுக்கு முன் பறிப்பார்கள், அது சாயங்காலம் விரியும். முந்தைய நாள் இரவு வாங்கிய சரம், மறுநாள் 10 மணிக்கு விரிந்து முடிந்து நுனி பழுப்பாகத் தொடங்கியிருக்கும். ஆகவே அன்று காலையில் மொட்டாகக் கட்டிய சரத்தை வாங்கி, ஈரத்துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். அந்த வீட்டில் பூ வைத்துக்கொள்ளும் பெண்கள் ஏழு பேர் என்றால் ஆளுக்கு 1 முழம், பெண்ணுக்கு 2, கையிருப்பு கொஞ்சம், ஆக 10 முதல் 12 முழம். முழம் என்பது பூக்காரரின் முழங்கை நீளம். கை சின்ன ஆளிடம் ஒரு முழம் கூடவே வாங்குங்கள். மார்கழி, தை பனியில் மல்லிகை வரத்து அடிமட்டத்துக்குப் போய் விலை எகிறும். அப்போது பிச்சி, முல்லை, கனகாம்பரம் கலந்த சரம் குறையில்லை.

இப்போது முக்கியமான இடம். பூ கொண்டுபோவது வேறு, பூ வைப்பது வேறு. தட்டில் கொடுத்தால் அது மரியாதை. பையனின் அம்மாவோ அக்காவோ பெண்ணை உட்காரவைத்து, குங்குமம் இட்டு, தலையில் பூவைச் சூட்டினால் இந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு என்று உறுதி ஆகிவிட்டது. பல ஊரில் 'பூ வைக்கிறது' என்பது அதற்கென்று நாள் குறித்து, புடவையோடு செய்யும் ஒரு சடங்கின் பெயரே. கொங்குப் பக்கம் உப்புச் சர்க்கரை மாற்றுவதும் அந்த எடைதான். பேச்சு நல்லபடியாகப் போகிற உற்சாகத்தில், "இருக்கிற பூவை அப்படியே வச்சுட்டுப் போயிடலாமே" என்று மாப்பிள்ளை வீட்டு அத்தை எழுந்திருப்பார். பெண் வீட்டில் ஒரு சித்தப்பாவுக்கு அன்று சொல்லியிருக்கமாட்டார்கள். "என்னைக் கூப்பிடாம பூ வச்சிட்டாங்களா" என்று அவர் முறுக்கிக்கொள்வார். அன்றைய தினம் கேட்பது மட்டுமா, பூவும் உண்டா என்பதைக் காதலர்கள் இரண்டு பேரும் முந்தைய நாள் ராத்திரி போனில் பேசி, அவரவர் அம்மாவிடம் சொல்லிவிடவேண்டும். பட்டுப்புடவை விஷயமும் இப்படித்தான். புடவை தட்டில் ஏறினால் கேள்வி முடிந்தது என்று அர்த்தம். கேட்க மட்டும் போகிறவர்கள் புடவையைக் காரிலேயே விட்டுவிட்டு இறங்குங்கள்.

ஹாலில் உட்கார்ந்ததும் நேரே விஷயத்துக்குப் போகக் கூடாது, ரொம்பவும் சுற்றக் கூடாது. காபி வந்து டம்ளரைக் கீழே வைத்த பிறகு பெரியவர் ஆரம்பிக்கவேண்டும், அப்பா அல்ல. "ஒரு நல்ல காரியம் பேச வந்திருக்கோம். உங்க பொண்ணை எங்க பையனுக்குக் கேட்டு வந்திருக்கோம்." இவ்வளவே. இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதானே என்று இந்த வாக்கியத்தை விட்டுவிட்டு, மண்டபம் எப்போது கிடைக்கும் என்று ஆரம்பித்துவிடுகிறவர்கள் உண்டு. பெண்ணின் அப்பாவுக்கு அன்று வேண்டியிருப்பதே அந்த வாக்கியம்தான். மகள் தன்னைக் கேட்காமல் முடிவு செய்துவிட்டாள் என்று மாதக்கணக்கில் நொந்துபோயிருப்பவரிடம், ஐந்து பேர் வீடு தேடி வந்து கேட்கிறார்கள். அவர் உடனே பதில் சொல்லாமல் இருந்தால் இடைவெளியைப் பேச்சால் நிரப்பாதீர்கள்.

சொல்லக் கூடாத வாக்கியம், "பசங்க முடிவு பண்ணிட்டாங்க, நாம என்ன பண்ண முடியும்." சொல்கிறவர் தன் பெருந்தன்மையைக் காட்டுவதாக நினைப்பார். கேட்கிறவருக்கு 'உங்க பொண்ணு மேல எங்களுக்கு இஷ்டமில்லை, வேற வழியில்லாம வந்தோம்' என்று விழும். "எங்க பையன் எத்தனையோ இடம் வந்தும் வேண்டாம்னுட்டான்" என்பதும் அதே ரகம். உறவுமுறையையும் முந்திக்கொள்ளாதீர்கள். பேச்சு முடியும்வரை "சம்பந்தி" இல்லை. பையன் அதுவரை அங்கிள், ஆன்ட்டி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தால் அதையே தொடரட்டும். மாமா, அத்தை என்பதை அவர்களே சொல்லவிடுங்கள். பையனும் பெண்ணும் கண்ணாலேயே பேசிச் சிரித்துக்கொள்வது வேண்டாம், போனில் செய்தி அனுப்பிக்கொள்வது அதைவிட வேண்டாம். எதிரும் புதிருமாக இரண்டு போன் ஒரே நேரத்தில் 'டிங்' என்றால் ஹாலே திரும்பிப் பார்க்கும்.

பெண் வீட்டுக்காரர்கள் எழுந்து உள்ளே போய்ப் பேசினால் நல்ல அறிகுறி. "எங்க பெரியப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றோம்" என்றால் அதையும் நல்லதாகவே எடுத்துக்கொள்ளலாம், தேதி ஒன்றைச் சொன்னால். தேதி சொல்லவில்லையென்றால் பெரியவர் எழுந்திருப்பதற்கு முன், "அப்போ அடுத்த ஞாயித்துக்கிழமை போன் பண்ணட்டுங்களா" என்று கேட்டு வாங்கிக்கொள்ளவேண்டும்.

பணம். "எங்களுக்கு எதுவும் வேண்டாம், உங்க பொண்ணுக்கு நீங்க செய்யுறதைச் செய்யுங்க." மேலே பார்த்தால் தங்கமான வாக்கியம். பெண்ணைப் பெற்றவர் அன்று ராத்திரி தூங்காமல் 'செய்யுறது'ன்னா 30 பவுனா, 50 பவுனா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். காதல் கல்யாணத்தில் இந்த வாக்கியம் இன்னும் கூர்மையாக வெட்டும், ஏனென்றால் மகள் "அவங்க எதுவும் கேக்கமாட்டாங்க" என்று அடித்துச் சொல்லியிருப்பாள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்பதோடு நிறுத்துங்கள். கேட்பதே குற்றம்: 1961 வரதட்சணைத் தடைச் சட்டத்தில் கேட்டதற்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, கொடுத்தாலும் வாங்கினாலும் குறைந்தது 5 ஆண்டு. யாரும் கேட்காமல் பெற்றவர்கள் தாமாகப் போடும் நகைக்கு 1985 விதிகளின்படி பட்டியல் எழுதி வைக்கவேண்டும்: பொருள், உத்தேச மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவு, இரண்டு பேரின் கையெழுத்து. கிட்டத்தட்ட யாரும் எழுதுவதில்லை. எழுதிவைத்தால் பின்னாளில் நகை யாருடையது என்ற கேள்வியே வராது.

கல்யாணச் செலவை ஆளுக்குப் பாதி என்று பேசுவது இப்போது சாதாரணமாகிவிட்டது. 'பாதி' என்றால் எதில் பாதி என்பதுதான் தகராறு. மண்டபம், சாப்பாடு, போட்டோ, ஐயர் இவை பொது. பட்டுப்புடவை, தாலி, அவரவர் பக்கத்துக்கு ஓடும் பஸ், வேன் ஆகியவை தனி. சாப்பாட்டைப் பாதியாகப் பிரிப்பதைவிட இலைக்கணக்கில் பிரிப்பது நியாயம். பையன் பக்கம் 700 பேர், பெண் பக்கம் 300 பேர் வரும்போது சரிபாதி என்பது சரியே இல்லை. இதை முதல் நாள் பேசாதீர்கள். சம்மதம் வந்த பிறகு, ஒப்புத் தாம்பூலத்துக்கு முன்பாக ஒரு தாளில் எழுதி, இரண்டு வீட்டுக்கும் ஒரு படம் போய்ச் சேரட்டும்.

மதம் வேறு என்றால் நிச்சயத் தேதிக்கு முன் காகித வேலையைப் பேசுங்கள். கத்தோலிக்கர் வீடு என்றால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்கவேண்டும். இந்துவைக் கட்டுவதாக இருந்தால் ஆயரின் அனுமதியும் தேவை. முஸ்லிம் வீட்டில் ஜமாஅத்தும், மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் மஹரும் பேச்சுக்குள் வரும். மதம் மாறாமல் கட்டிக்கொள்ள 1954 சிறப்புத் திருமணச் சட்டம். இரண்டு பேரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்கவேண்டும். அறிவிப்பு கொடுத்து 30 நாள் காத்திருக்கவேண்டும், கொடுத்ததிலிருந்து 3 மாதத்துக்குள் முடிக்கவேண்டும், 3 சாட்சி வேண்டும். மண்டபத் தேதியைக் குறித்துவிட்டு, 20 நாள் இருக்கும்போது சார்பதிவாளர் அலுவலகத்துக்கு ஓடுகிறவர்கள் ஏமாறுவது இந்த 30 நாளில். அந்த அறிவிப்பு அலுவலகப் பலகையில் ஒட்டப்படும் என்பதால், ஒட்டுவதற்கு முன் சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடுவது நல்லது.

இரண்டு பேரும் இந்துக்கள், சாதிதான் வேறு என்றால் காத்திருப்பு கிடையாது. 1967-இல் அண்ணா முதல்வராக இருந்தபோது இந்துத் திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 7ஏ பிரிவின்படி, உறவினரோ நண்பரோ மற்றவரோ முன்னிலையில் ஒருவரையொருவர் கணவனாக மனைவியாக ஏற்பதாகச் சொன்னாலோ, மாலை மாற்றினாலோ, தாலி கட்டினாலோ சுயமரியாதைத் திருமணம் செல்லும். மோதிரமும் அந்தப் பட்டியலில் உண்டு, 'எந்த விரலிலும்' என்ற சொல்லோடு! ஊரறியப் பெரிதாக நடத்தவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் எந்தச் சடங்கும் இல்லாமல் சான்றிதழ் மட்டும் வாங்கி வைத்துக்கொண்டால் அது இந்துத் திருமணமாகாது என்பதும் அதே நீதிமன்றம் 2024-இல் சொன்னதுதான். விசா அவசரத்துக்காக 'முதல்ல பதிவு, அப்புறம் கல்யாணம்' என்று கிளம்புகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். எந்தச் சடங்கில் நடந்தாலும் தமிழ்நாட்டில் 90 நாளுக்குள் பதிவு செய்யவேண்டும்.

பேச்சு மிரட்டலாக மாறினால் பெண் கேட்டுப் போவதை அங்கேயே நிறுத்திவிடுங்கள். பெண்ணுக்கு 18, பையனுக்கு 21 ஆகிவிட்டால் வீட்டாரின் சம்மதம் சட்டத்துக்குத் தேவையில்லை. 2018 சக்தி வாகினி வழக்கில் இப்படிப்பட்ட ஜோடிகளுக்கு மாவட்டந்தோறும் தனிப் பிரிவு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது, பாதுகாப்பு இல்லம் அமைப்பதையும் பரிசீலிக்கச் சொல்லியிருக்கிறது. பெண்கள் உதவி எண் 181.

நல்லபடியாக முடிந்து கிளம்பும்போது தட்டை மறந்துவிடாதீர்கள். கொண்டுவந்த தட்டைப் பெண் வீட்டார் காலியாகத் திருப்பித் தரமாட்டார்கள். இரண்டு பழமாவது, கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுத் தருவார்கள். "பரவாயில்லை, நாங்கள் பிறகு அனுப்புகிறோம்" என்று அவர்கள் வைத்துக்கொண்டாலும் அது நல்ல சேதிதான், மறுபடி வரச் சொல்கிறார்கள். பேச்சு இழுபறியில் நின்றாலும் கொண்டுபோன பழத்தையும் பூவையும் திரும்பத் தூக்கிக்கொண்டு வரக் கூடாது, தட்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். எவர்சில்வர் தட்டெல்லாம் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். அடியில் பெயர் வெட்டியிருக்கிறதா என்று காரில் ஏற்றும் முன் திருப்பிப் பாருங்கள். பெண்ணின் அம்மாவுடைய கல்யாணத் தட்டு உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டால், அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பையனுக்குத்தான்.